நாட்டியக் குறியீடும் நெசவுக் கட்டமும்

அரங்கேற்றத்துக்குப் பட்டெடுக்கக் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளில் ஏறி இறங்கும் போர்ட் கிள்ளான் தாய்மார்களுக்கு, ஆட்டமும் ஆடையும் வெவ்வேறு காரியங்களாகத் தோன்றுவது இயல்பே. 1904-ல் மதுரையில் பிறந்த நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் அப்படி எண்ணவில்லை. 1936-ல் அடையாற்றில் கலாக்ஷேத்திரம் என்ற கலைப்பள்ளியை நிறுவியவர், அடுத்த ஆண்டே அங்கு நெசவுக் கூடத்தையும் தொடங்கினார். இரண்டுக்கும் உள்ள உறவு, அவற்றை எழுதிவைக்கும் முறையிலேயே புலப்படுகிறது.

நட்டுவனார் தட்டுக்கழியால் தட்டிச் சொல்லும் 'தெய்யா தெய்' என்ற சொற்கட்டு காலத்தைக் காட்டுமேயன்றி, கை எத்திசையில் நீளவேண்டும் என்பதைக் காட்டாது. உடலசைவை எழுதிவைக்க ருடால்ஃப் லாபன் 1928-ல் வெளியிட்ட குறியீட்டில், நின்ற வாக்கிலுள்ள மூன்று கோடுகளில் நடுக்கோடு உடலை இடம் வலமாகப் பிரிக்கிறது. குறியின் வடிவம் திசையையும், அதற்குள் இட்ட நிழல் உயரத்தையும், அதன் நீளம் காலத்தையும் உணர்த்துகின்றன. வாசிப்பது அடியிலிருந்து மேலே. அடவுகளை இம்முறையில் எழுதலாம். அபிநயத்தின் ஜீவனை எந்தக் குறியும் பிடித்துவிடும் என்று நான் நம்பவில்லை.

இனி, ஜரிகைப் புட்டாவுக்கு வரையும் கட்டத்தாளைப் பாருங்கள். நெடுக்கே பாவு நூல், குறுக்கே ஊடை. புட்டா வரும் ஒவ்வோர் ஊடைக்கும் தறிமேல் உள்ள ஜக்கார்டு பொறியில் ஓர் அட்டை. அட்டையில் துளையுள்ள இடத்தில் பாவு உயர்ந்து நாடாவுக்கு வழிவிடும். முதல் ஊடை நெசவாளரின் மடிப்பக்கம் விழ, மற்றவை அதற்கப்பால் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால், இங்கும் காலம் அடியிலிருந்து மேலே வளர்கிறது! காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலுக்கொன்று, கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் ஓட, பக்கத்தில் ஓர் உதவியாளும் அமர்ந்து, உடலின் நிறமும் கரையின் நிறமும் ஊடைதோறும் கோத்துக்கொள்ளுமாறு நெய்வது சாமானிய சாமர்த்தியமன்று.

இப்புடவையை வெட்டி நாட்டிய உடையாக்கும்போது, அக்கரைதான் முன்விசிறியின் விளிம்பாகிறது. நின்றால் அது மடிந்து கிடக்கும். முழங்கால் மடங்கிப் பக்கவாட்டில் விரிந்தால்தான் மடிப்புகள் பிரிந்து கரை முழுமையாகத் தெரியும். ஆதலால் விஷயமறிந்த தையற்காரர், பெண்ணை அரைமண்டியில் இருக்கச் சொல்லியே விசிறிக்கு அளவெடுப்பார்.