முகப்புத் தகட்டுக்கு மூவாயிரம் டாலர்

2010 ஜனவரியில், அமெரிக்காவின் ஆடியோஹாலிக்ஸ் இதழின் விமர்சகர்கள் ஒரு புளூரே பிளேயரின் மேல்மூடியைக் கழற்றினார்கள். லெக்சிகான் பிடி-30. விலை 3,499 டாலர். முன்பக்கம் தடித்த அலுமினியத் தகடு; வெளியே இருந்து பார்த்தால் கம்பீரம். மூடிக்குள் இன்னொரு முழுப் பெட்டி இருந்தது. ஓப்போ நிறுவனத்தின் பிடிபி-83 பிளேயர், அதன் அடித்தட்டோடு அப்படியே உள்ளே பொருத்தப்பட்டிருந்தது. அதைத் தனியாக வாங்கினால் 499 டாலர்.

அத்திப்பழத்தைப் பிட்டால் புழு என்பார்கள். இங்கே அதுவும் இல்லை. ஓப்போ அன்றைக்குக் கிடைத்த மிகச் சிறந்த பிளேயர்களில் ஒன்று. உள்ளே இருந்த சரக்கில் குறை இல்லை. அதில் எதையும் மேம்படுத்தாமல் ஏழு மடங்கு விலை வைத்ததுதான் குற்றம். ஓப்போவின் மேல் இல்லாத டிஎச்எக்ஸ் தரமுத்திரை லெக்சிகானின் மேல் இருந்தது. சர்க்யூட் போர்டும் பவர் சப்ளையும் அதேதான்.

இதைச் செய்தது பெயர் தெரியாத நிறுவனமாக இருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. 1971-இல் தொடங்கிய லெக்சிகான், 1970-களின் இறுதியில் கொண்டுவந்த 224 என்ற டிஜிட்டல் ரிவெர்ப் கருவியால் உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் இடம்பிடித்தது. சின்ன அறையில் பாடிய குரலுக்குப் பெரிய அரங்கின் எதிரொலியைக் கொடுத்த கருவி அது. அப்படி உழைத்துச் சேர்த்த மரியாதையைத்தான் ஒரு தகட்டின் மேல் அச்சிட்டு விற்றார்கள்.

அடுத்தவர் கருவியை அடித்தளமாக எடுத்துக்கொள்வதே தவறு என்று சொல்லவில்லை. ஏர் (Ayre) என்ற இன்னொரு ஒலிக்கருவி நிறுவனமும் ஓப்போவைத்தான் எடுத்தது. ஆனால் பவர் சப்ளையையும் ஒலிக்கான சுற்றுகளையும் தானே வடிவமைத்துப் பொருத்தியது. விலை அதிகம்தான், அந்தப் பணத்துக்கு உள்ளே வேலை நடந்திருந்தது.

நாம் ஏன் ஏமாறுகிறோம் என்பதற்கு 1994-இலேயே ஒரு பதில் வந்துவிட்டது. ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 40 பேரை உட்காரவைத்து நான்கு ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒருமுறை திரை போட்டு மறைத்து, ஒருமுறை கண்ணெதிரே வைத்து. கண்ணால் பார்த்தபோது பெரிய, விலையுயர்ந்த ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் ஏறியது. விலை குறைந்த சிறிய செட்டுக்கு இறங்கியது. திரைக்குப் பின்னால் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. இன்னொன்றும் நடந்தது. ஸ்பீக்கரை அறைக்குள் இடம் மாற்றி வைத்தால் ஒலி மாறும். மறைத்திருந்தபோது அதைக் கேட்டு உணர்ந்தவர்கள், கண்ணால் பார்த்ததும் அதைக் கவனிக்கவே இல்லை. கேட்டவர்கள் பாமரர்கள் அல்லர். ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தின் ஊழியர்கள். லெக்சிகான் அந்த ஹார்மன் குழுமத்தைச் சேர்ந்தது. கண் காதை ஏமாற்றும் என்று தன் ஊழியர்களையே வைத்து நிரூபித்த குழுமத்திலிருந்து பிடி-30 வந்தது என்பதை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1970-களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக உருவாக்கிய எல்எஸ்3/5ஏ. ஓர் அடி உயரம்கூடத் தாண்டாத சாதாரண மரப்பெட்டி. முன்வலையை எடுத்தால், உயர் சுருதி ஒலிகளைத் தரும் ட்வீட்டரைச் சுற்றிக் கம்பளிப் பட்டைகள் ஒட்டியிருக்கும். பார்க்க அழகாக இராது. விளிம்புகளில் பட்டுத் திரும்பும் ஒலியை அடக்குவதற்காக அவை அங்கே இருக்கின்றன. கடையில் பெட்டியை விரலால் தட்டிப் பார்த்து, கனமாக இருந்தால் தரம் என்று முடிவு செய்கிறோம் அல்லவா? பிபிசி பொறியாளர்கள் மறுபக்கமாகப் போனார்கள். கனத்த சுவர்களைவிட, மெல்லிய பிர்ச் பிளைவுட்டின் உட்புறம் அதிர்வை உறிஞ்சும் பட்டைகளை ஒட்டினால், பெட்டியின் சொந்த அதிர்வு காதுக்கு உறுத்தாத இடத்துக்குத் தள்ளப்படும் என்று அளந்து கண்டார்கள். மனிதக் குரல் அதில் இயல்பாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

1978-இல் வந்த நாட் 3020 ஆம்ப்ளிஃபையரும் இதே இனம். எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்தது. மங்கிய நிறம், பிளாஸ்டிக் குமிழ்கள். சேனலுக்கு 20 வாட் என்றுதான் எழுதியிருந்தது. இசையின் திடீர் உச்சங்களில் அதைவிட வெகு அதிகமாகக் கொடுத்தது.

அழகான கருவியோடு எனக்குச் சண்டை இல்லை. இருபது வருடம் கூடத்தில் நிற்கப்போகும் பொருள் அழகாக இருக்கட்டும். அழகுக்குத் தனியாகக் காசு கொடுக்கவும் ஆள் உண்டு. மரவேலைக்கும் உலோகவேலைக்கும் வாங்கும் பணத்தை ஒலிக்கு வாங்குவதாகச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

பெரிய தொகை கொடுக்கப் போகிறவர்கள், இரண்டு ஸ்பீக்கர்களையும் துணியால் மறைத்துவிட்டு மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எது எது என்று விற்பவர் வாய்திறக்க வேண்டாம். ஒலி அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். சற்றே கூடுதல் சத்தத்தைக் காது சத்தம் என்று எடுத்துக்கொள்ளாது, நல்ல ஒலி என்றே எடுத்துக்கொள்ளும். ஆம்ப்ளிஃபையர், பிளேயர் என்றால் மூடியைக் கழற்றி எடுத்த படத்தைக் கேளுங்கள். விலைப்பட்டியலைப் பார்ப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.