வீடு சுருங்கும்போது பழைய ஒலிக்கருவிகள்

அரசாங்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுக் குடியிருப்பைக் காலி செய்து, இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் குடிபுகும் குடும்பங்கள் நாடெங்கும் உண்டு. கட்டில், பீரோ, பாத்திரம் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் விரைவில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர். மரப்பெட்டிக்குள் அமைந்த மர்பி அல்லது பிலிப்ஸ் வால்வு ரேடியோ, எச்.எம்.வி. ரேடியோகிராம், சோனோடைன் அல்லது காஸ்மிக் ஆம்ப்ளிபையர், இடுப்பளவு உயர்ந்த ஒலிபெருக்கிப் பெட்டிகள், சுருள்நாடா டேப்ரிகார்டர், நூற்றுக்கணக்கான இசைத்தட்டுகள் ஆகிய இவற்றின் முன்புதான் தயக்கம் பிறக்கிறது. இதுபற்றி ஊரில் ஆசிரியரிடமோ களப்பணியாளரிடமோ யோசனை கேட்பதும் வழக்கம். பள்ளிகளின் சாமான் அறைகளிலும் இத்தகைய கருவிகள் தூசி படிந்து கிடத்தல் கூடும்.

‘இது என்ன விலை போகும்?’ என்பதே பெரும்பாலோர் முதலில் எழுப்பும் வினா. அது பிற்பாடு கேட்கத்தக்கது. கருவி வேறு, அதில் ஒலிக்கும் பதிவு வேறு என்று பிரித்து நோக்குவதே முதல் வேலையாகும். ஒரே மாதிரியான ஆம்ப்ளிபையர்கள் ஆலையிலிருந்து ஆயிரக்கணக்கில் வெளிவந்தவை. ஒன்று போனால் மற்றொன்றைத் தேடிப் பெறலாம். ஆனால் பாட்டி பாடிய தாலாட்டோ, ஊர்த் திருவிழாவில் பதிவு செய்த கூத்தோ அடங்கிய நாடா உலகில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதே சமயம், ஓடும் கருவி இல்லையெனில் அந்த நாடா வெறும் பழுப்புப் பட்டையே. வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் டேப்ரிகார்டரை முதலில் விற்றுவிட்டு, நாடாக்களைப் பெட்டியில் கட்டி எடுத்துச் செல்லும் குடும்பங்கள் பல. இம்முறை தலைகீழானது. நாடாக்களை நகலெடுத்து முடிக்கும்வரை அவற்றை ஓட்டவல்ல கருவியை வீட்டைவிட்டு அனுப்பலாகாது.

நாடாக்கள்

நாடாவில் உள்ள ஒலி, பிளாஸ்டிக் பட்டையின்மேல் பிசினால் ஒட்டப்பெற்ற இரும்பு ஆக்ஸைடுத் துகள்களின் காந்த நிலையே ஆகும். பெரும்பாலும் கெட்டுப்போவது காந்தம் அன்று, பட்டையும் பிசினுமே. 1950-களைச் சேர்ந்த நாடாக்கள் பல செல்லுலோஸ் அஸிடேட்டினால் ஆனவை. சுருளை விளக்கிற்கு எதிரே பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் அஸிடேட் நாடாவில் ஒளி ஊடுருவித் தெரியும். பாலியெஸ்டர் நாடா ஒளியை மறைக்கும். அஸிடேட் சிதையுங்கால் அஸிடிக் அமிலம் வெளிப்படுவதால் வினிகர் நெடி வீசும். நெடி உள்ள சுருளை மற்றவற்றினின்று விலக்கி வைத்து, அதனையே முதலில் நகலெடுத்தல் வேண்டும். ஏனெனில் அது சுருங்கி நொறுங்கத் தொடங்கிவிட்டது.

1970-களிலும் 1980-களிலும் செய்யப்பெற்ற சில பாலியெஸ்டர் நாடாக்களைப் பற்றுவது வேறொரு நோய். பிசின் காற்றின் ஈரத்தை உட்கொண்டு பிசுபிசுத்துப் போகும். ஓட்டினால் கிறீச்சிடும், கருவியின் காந்தத் தலையில் பழுப்புப் பசை படியும். அப்போதே நிறுத்திவிட வேண்டும். பிடிவாதமாக ஓட்டினால் உரிந்து வருவது பதிவேதான். ஒலிப்பதிவு நிலையங்களில் இத்தகைய நாடாவைச் சுமார் 50 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்தி, சில நாட்கள் ஓடும் நிலைக்குக் கொணர்வர். சமையலறை அடுப்பில் செய்து பார்க்கும் வேலையன்று அது. அஸிடேட் நாடாவிற்கோ அறவே ஆகாது. கடலோர ஊர்களில் நாடாவின் ஓரத்தில் வெண்ணிறப் பூஞ்சணம் படிந்திருப்பின் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டே கையாள வேண்டும்.

நல்ல நிலையில் உள்ள நாடாவை நகலெடுத்தல் கடினமான காரியம் அன்று. காந்தத் தலையை ஐஸோபுரோபைல் ஆல்கஹால் தோய்ந்த பஞ்சினால் துடைத்து, கருவியின் ஒலி வெளியீட்டைக் கணிப்பொறியுடன் இணைத்து, விநாடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் என்ற அளவில், சுருக்கப்படாத கோப்பாகப் பதிவு செய்தால் போதுமானது. இரைச்சலை நீக்கும் முயற்சியை முதல் நகலில் செய்யலாகாது. நகல்களை இரு வேறு இடங்களில் வைத்தல் வேண்டும். இவை யாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. நாடா ஓடும்போது குரல்களை அடையாளம் சொல்லவல்ல முதியோர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு, பாடுபவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன நிகழ்ச்சி என்பவற்றை அப்போதே எழுதிக்கொள்ள வேண்டும். நாடா இன்னும் பத்தாண்டுகள் பொறுத்திருக்கலாம். அக்குரலை அறிந்தவர் அதுவரை இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. நாட்டுப்பாடல், வழக்கொழிந்து வரும் மொழி, சடங்குப் பாட்டு முதலியவை அடங்கிய பதிவுகளாயின், குருகிராமில் உள்ள இனவிசையியல் ஆவணக் காப்பகம் போன்ற அமைப்புகளுக்கு எழுதிக் கேட்கலாம். இந்திய ஆய்வுகளுக்கான அமெரிக்க நிறுவனம் 1982-இல் தொடங்கிய காப்பகம் அது.

இசைத்தட்டுகள்

இசைத்தட்டுகளின் நிலை வேறு. அவை அச்சிட்ட நூல்களைப் போன்றவை. அதே பதிவு வேறு எவரிடமேனும் இருத்தல் கூடும். 1908-இல் கல்கத்தாவில் இசைத்தட்டு ஆலை தொடங்கப்பெற்றது. பின்னர் உற்பத்தி டம்டமிற்கு மாறிற்று. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளின் முக்கியப் பொருள் அரக்கு. சோட்டாநாக்பூர்க் காடுகளில் பலாச மரத்திலும் குசும்ப மரத்திலும் வாழும் அரக்குப் பூச்சியின் கசிவே அது. மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி கொடுக்கும் கிராமபோன்கள் நெடுங்காலம் வழங்கியமையால், மேல்நாடுகளில் கைவிடப்பட்ட பிறகும் இந்தியாவில் இத்தட்டுகள் தொடர்ந்து வெளிவந்தன. 1960-களில் பீட்டில்ஸ் குழுவினரின் பாடல்கள்கூட இங்கு 78 சுற்றுத் தட்டுகளாக அச்சாயின; அவற்றை இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி அலைகின்றனர். ஆகவே தட்டின் நடுவில் உள்ள சீட்டைப் படித்துப் பாராமல் எடைக்குப் போடுதல் ஆகாது.

அரக்குத் தட்டை ஸ்பிரிட்டினால் துடைத்தல் கூடாது; ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும். ஊசியிலும் கவனம் வேண்டும். 78 சுற்றுத் தட்டிற்கு உரிய ஊசி முனையின் ஆரம் சுமார் 75 மைக்ரான், எல்.பி. தட்டிற்கு 25 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு. எல்.பி. ஊசியைப் பழைய தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் உள்ள தூசியில் உரசிக்கொண்டு ஓடும். பாட்டைவிட இரைச்சலே மிகுந்து கேட்கும். ‘தட்டு தேய்ந்துவிட்டது’ என்று தூக்கி எறியப்பட்டவற்றுள் பல இவ்வாறு பழி சுமந்தவையே. 1960-களின் ரேடியோகிராம்கள் பலவற்றில் ஊசியைத் திருப்பும் சிறு நெம்பு ஒன்று இருக்கும். அதனைத் திருப்பிப் பார்த்தல் நலம்.

கருவியைச் சோதித்தல்

பல ஆண்டுகள் உறங்கிய வால்வு ரேடியோவை நேரே மின்சாரத்தில் செருகுதல் பெருந்தவறு. மின்சாரத்தில் செருகிய வால்வு செட்டினுள் 250 வோல்ட்டும் அதற்கு மேலும் உலவும். செருகியை எடுத்துவிட்ட பின்னரும் கண்டென்சர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். ஒரு காலத்தில் சில நகரங்களில் நேர்மின்னோட்டமும் வழங்கப்பட்டமையால், ஏ.சி., டி.சி. இரண்டிலும் இயங்கும் செட்டுகள் விற்பனையாயின. இவற்றில் உள்ளிருக்கும் உலோகத் தட்டே மின்கம்பியின் ஒரு முனையோடு நேரே இணைந்திருக்கும். செருகி திரும்பி மாட்டப்பட்டால் அத்தட்டு முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். குமிழ் கழன்ற தண்டைத் தொட்டாலும் உயிருக்கு ஆபத்து. பின்புற மூடி இல்லாத செட்டைக் குழந்தைகள் உள்ள வீட்டிலும் வகுப்பிலும் வைத்தல் கூடாது.

ரேடியோ மெக்கானிக்குகள் கையாளும் சீரிஸ் விளக்கு முறை எளியது, போற்றத்தக்கது. செட்டிற்குச் செல்லும் கம்பி ஒன்றின் இடையில் 60 அல்லது 100 வாட் இழைபல்பு ஒன்றை இணைப்பர். செட்டினுள் குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு முழு ஒளியுடன் எரியும். டிரான்ஸ்பார்மர் கருகாமல் தப்பும். பல்பு முதலில் பளிச்சிட்டுப் பின் மங்கினால் மேற்கொண்டு சோதிக்கலாம். ‘ஹம்’ என்ற தொடர் ஒலி கேட்பின் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் உலர்ந்துவிட்டன என்பது பொருள். மெழுகுக் காகிதக் கண்டென்சர்களைச் சோதிப்பதும் வீண், மாற்றிவிடுவதே முறை. இப்பணி பழகிய மெக்கானிக்கிற்கு உரியது.

டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிபையர்களில் இவ்வளவு இடர் இல்லை. இசைத்தட்டுக் கருவியின் ரப்பர் பட்டை இளகிப் பிசினாகியிருந்தால் புதுப்பட்டை மாட்டினால் போயிற்று. ஒலிபெருக்கியில் கூம்பைச் சுற்றியுள்ள நுரைவளையம் விரலால் தொட்டவுடன் உதிர்ந்தால், வளையத்தை மட்டும் மாற்றலாம். கூம்பும் காந்தமும் பெரும்பாலும் நலமாகவே இருக்கும்.

சிறிய அறைக்கு எது போதும்?

50 ஹெர்ட்ஸ் அதிர்வுள்ள தாழ்ந்த ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறக்குறைய 7 மீட்டர். 3.4 மீட்டர் நீளமுள்ள அறையில் இவ்வலையின் பாதி சரியாக அடங்குவதால், அந்த ஒரு சுரம் மட்டும் அறையில் ஒத்ததிர்ந்து ஓங்கி முழங்கும். கூடத்தில் இனிமையாக ஒலித்த பெரும்பெட்டிகள் சிற்றறையில் குடத்திற்குள் பேசுவதுபோல் கேட்பதன் காரணம் இதுவே. ஆம்ப்ளிபையரின் வாட் எண்ணிக்கையும் அவ்வாறே ஏமாற்றும். ஆற்றலை இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே உயரும். சுவரருகே வைத்த சிறு பெட்டிகள் இரண்டும் 10 வாட் ஆம்ப்ளிபையரும் இத்தகைய அறைக்குத் தாராளம். ஆகவே ஓடக்கூடிய தட்டுக்கருவி ஒன்று, ஆம்ப்ளிபையர் ஒன்று, சிறிய ஒலிபெருக்கி ஓரிணை ஆகியவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை வெளியேற்றலாம். விலையுயர்ந்தது என்பதற்காக ஓடாத ஒன்றையும், ‘என்றாவது பழுது பார்க்கலாம்’ என்று மூன்றையும் சுமந்து செல்வது புது வீட்டின் இடத்தை வீணாக்குவதாகும்.

வெளியேற்றப்படுவன எங்குச் செல்லலாம்? ஓடும் கருவிகளுக்கும் தட்டுகளுக்கும் மும்பைச் சோர் பஜார், கொல்கத்தாவின் ஃப்ரீ ஸ்கூல் தெரு போன்ற இடங்களில் நெடுநாளைய சந்தை உண்டு. ஓடாதவற்றிலும் வால்வு, டிரான்ஸ்பார்மர் முதலியவை மெக்கானிக்கிற்குப் பயன்படும். பள்ளிக்குத் தருவதாயின், மின்கம்பியை வெட்டியெடுத்து, கண்டென்சர்களின் மின்னூட்டத்தை மெக்கானிக்கைக் கொண்டு நீக்கிய பிறகே தரவேண்டும். அதன் ஒலிபெருக்கியைக் கொண்டு காந்தமும் சுருளும் கூம்பை அசைக்கும் முறையை மாணவர் கண்ணால் காணலாம். மத்திய அலை ஒலிபரப்பு எட்டும் ஊர்களில், அதன் அலைத்தேர்வுக் கண்டென்சரைக் கொண்டு பாட்டரி இல்லாத படிக ரேடியோவும் அமைக்கலாம்.

எதற்கும் உதவாதவை மின்னணுக் கழிவு ஆகும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 2022-ஆம் ஆண்டு மின்கழிவு மேலாண்மை விதிகளின் அட்டவணையில் ரேடியோ செட்டுகளும் ஆம்ப்ளிபையர்களும் ஒலிப்பதிவுக் கருவிகளும் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டுள்ளன. இவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ உற்பத்தியாளரின் சேகரிப்பு மையத்திலோ ஒப்படைக்க வேண்டும். தெருவில் கபாடி வாங்குபவரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் பிழைப்பு அது. ஆனால் அவர் கையினின்று மாறிச் செல்லும் கம்பிகள் பல, செம்பிற்காகத் திறந்தவெளியில் கொளுத்தப்படுகின்றன. பி.வி.சி. உறை எரியும்போது டையாக்ஸின் எனும் நச்சு எழுகிறது. பழைய பற்றாசில் ஏறக்குறைய 40 சதவீதம் ஈயம். மொராதாபாதிலும் டில்லி சீலம்பூரிலும் இத்தொழிலின் புகையைச் சுவாசித்தவருள் சிறுவரும் உண்டு.

எஞ்சியவற்றைக் கட்டும்போது தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்தியே அடுக்க வேண்டும். படுக்கவைத்தால் வளையும், அரக்குத் தட்டாயின் உடையும். உறையுடன் நூறு எல்.பி. தட்டுகள் சுமார் 25 கிலோ கனக்குமாதலால் சிறிய பெட்டிகளே ஏற்றவை. தட்டுக்கருவியின் கையை நூலால் கட்டிவிட வேண்டும். நாடாப் பெட்டியை ஒலிபெருக்கிகளை ஒட்டி வைக்காமல், வண்டியின் மறுகோடியில் வைத்தல் வேண்டும்; ஒலிபெருக்கியின் காந்தம் நாடாவின் பதிவைக் கெடுக்கவல்லது.