ஆங்கிலக் கடிதத்தில் அளவுச் சொற்கள்: கையெழுத்துப் போடுமுன்

நமுனுகுல மலையடித் தோட்டங்களுக்குத் திரும்பும் உங்களுக்கு ஆங்கிலத்திலேயே கடிதமும் படிவமும் வரக்கூடும். அவற்றில் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். எண்ணுக்கு முன்னால் நிற்கும் சொல்லையும் பாருங்கள்.

காணியை எடுத்துக்கொள்வோம். தோட்ட வீடமைப்புத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச் என்று கேட்டிருப்பீர்கள். ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குச் சற்று அதிகம். கடிதத்தில் ‘அட் லீஸ்ட் 7’ என்றிருந்தால் 7க்குக் குறையக்கூடாது. ‘நாட் லெஸ் தன் 7’ என்பதும் அதேதான். ‘லெஸ்’ என்ற சொல் காதில் விழுந்ததும் குறைத்துத் தருகிறார்கள் என்று பலர் பயந்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டியது அதற்கல்ல. ‘அப் டூ 7’, ‘நாட் மோர் தன் 7’ இவற்றுக்குத்தான். இரண்டுக்கும் அர்த்தம் ‘அதிகபட்சம் 7’. 5 பேர்ச் அளந்து தந்தாலும் அந்தக் கடிதத்தின்படி பிழையில்லை. குறைகிற 2 பேர்ச் ஏறக்குறைய 544 சதுர அடி, அதாவது தோட்டங்களில் கட்டப்படும் இந்திய வீடமைப்புத் திட்ட வீடு ஒன்றின் அளவுக்குக் கிட்ட.

அடுத்தது, எதற்கு எவ்வளவு என்பது. ‘பெர் பெமிலி’ என்றால் குடும்பத்துக்கு. ‘பெர் ஹவுஸ்’ என்றால் வீட்டுக்கு. லயத்தில் ஒரே காம்பராவில் இரண்டு குடும்பம் இருப்பது உங்களுக்குத் தெரியும், கடிதம் எழுதியவருக்குத் தெரியாமலிருக்கலாம். 10 காம்பராவில் 14 குடும்பம் இருந்தால் இரண்டு எண்ணையும் படிவத்தில் எழுதுங்கள். ‘மோர் பெமிலிஸ் தன் ரூம்ஸ்’ என்றும் சேருங்கள்.

நீங்களே முறைப்பாடு எழுதும்போது ஒரு சின்னக் குழப்பம் வரும். நமக்கு ‘குறைவு’ ஒரே சொல். ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய தகடு, மூட்டைக்கு ‘ஃபியூவர்’. அளக்கிற அரிசி, தண்ணீருக்கு ‘லெஸ்’. மாற்றி எழுதினாலும் வாசிப்பவருக்கு விளங்கும், அதற்காக வெட்கப்பட்டுக் கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ‘குறைவாகக் கிடைத்தது’ என்று மட்டும் எழுதுவதுதான் பிழை. 12 தகடு என்றார்கள், 9 கிடைத்தது என்று எண்ணோடு எழுதுங்கள்.

பிரதேச செயலகம் போன்ற அரச அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. மற்ற இடங்களிலிருந்து ஆங்கிலக் கடிதம் வந்தால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். அது கிடைக்கும்வரை, படிக்கிற பிள்ளை ஒன்றிடம் கொடுத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் உள்ள சொல்லின் கீழ் கோடு போடச் சொல்லுங்கள்.