சுவரில் ஒரு சுற்றுக்கோட்டை

லண்டனில் ஈஸ்ட் ஹாம் என்றதும் நம்மவர்களுக்குத் தோசைக்கடையும் நகைக்கடையும்தான் நினைவுக்கு வரும். அந்த ஊர் நிலத்தடி ரயில் நிலையத்தின் சுவரில் ஒரு சதுரத் தகடு இருக்கிறது. அதற்குள் கறுப்பு வெள்ளையில் வளைந்து வளைந்து நடுவை நோக்கிப் போகும் வட்டப் பாதை. பாதையின் வாசலில் சின்னதாய் ஒரு சிவப்பு எக்ஸ். பல மாதங்கள் அந்த நிலையம் வழியே போய்வந்த பிறகு, ஒரு நண்பருக்காகக் காத்து நின்ற மாலையில்தான் அது என் கண்ணில் பட்டது.

அது மார்க் வாலிஞ்சர் என்ற கலைஞரின் படைப்பு. பெயர் ‘லேபிரிந்த்’. லண்டன் நிலத்தடி ரயிலுக்கு 150 வயது நிறைந்த 2013ஆம் ஆண்டில், அன்றிருந்த 270 நிலையங்களுக்கும் நிலையத்துக்கு ஒன்றாக 270 தகடுகள் செய்தார். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. ஒவ்வொன்றின் கீழ் ஓரத்திலும் கையால் எழுதிய ஓர் எண். அந்த எண்களின் வரிசைக்கும் ஒரு கதை உண்டு. 2009இல் 270 நிலையங்களையும் 16 மணி 44 நிமிடத்தில் தொட்டுக் கின்னஸ் சாதனை படைத்தவர்கள் போன வழியின் வரிசை அது.

இவ்வளவு பெரிய படைப்பு தினமும் லட்சக்கணக்கானோரின் தோளை உரசியபடி இருக்கிறது. அப்படியும் ஏன் தெரிவதில்லை?

கண்ணைக் குறை சொல்ல முடியாது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கண் ஒரு நேரத்தில் மிகக் கூர்மையாகப் பார்ப்பது ஏறக்குறைய அந்த அளவு இடத்தை மட்டும்தான். மீதி எல்லாம் மங்கல். அந்தச் சிறு இடத்தை எங்கே வைப்பது என்பதை, அந்த நேரத்தில் நமக்கு என்ன வேலை என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவருக்கு வேலை அறிவிப்புப் பலகையோடு. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்த 54 பேரிடம், பக்கத்திலிருக்கும் தீயணைப்பான் எங்கே என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னவர்கள் 13 பேர். பளீரென்ற சிவப்பு நிறப் பொருளுக்கே அந்தக் கதி.

வாலிஞ்சரின் தகட்டுக்கு இன்னொரு மறைப்பும் இருக்கிறது. எனக்கு அதுதான் இந்தப் படைப்பின் அழகு. நம் பாட்டி வீட்டு எனாமல் தட்டு ஞாபகம் இருக்கிறதா? இதுவும் அதே இனம். இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைப் பூசி, 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுட்டால், கண்ணாடி உருகி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். எளிதில் நிறம் போகாது; எத்தனை முறை துடைத்தாலும் தேயாது. லண்டன் நிலையங்களின் பெயர்ப் பலகைகளும் எனாமல்தான். அவற்றைச் செய்யும் வைட் தீவுப் பட்டறையில்தான் இந்தத் தகடுகளும் உருவாயின. அதே பளபளப்பு, அதே வட்டம். மூளை அதை இன்னொரு பலகை என்று தள்ளிவிட்டுப் போய்விடுகிறது.

ஆனால் விரல் வைத்தால் ஏமாறாது. கோடுகள் கைக்குத் தட்டுப்படும். எக்ஸில் தொடங்கிப் பாதையோடு போனால், நடுவை நெருங்கியதுபோல் இருக்கும்போதே ஓரத்துக்குத் தள்ளிவிடும். ஓரம் வந்துவிட்டது என்று நினைக்கும்போது உள்ளே இழுக்கும். வழி தவற முடியாது. காரணம், இதில் கிளைப்பாதை கிடையாது. வழிதப்ப வைக்கும் புதிர்ப்பாதை வேறு, இது வேறு. ஒரே வழி, போன வழியேதான் திரும்பவும் வேண்டும், தினமும் வேலைக்குப் போய் வருவதைப் போல.

இந்த ஒற்றைப் பாதை நமக்குப் புதிதல்ல. தர்மபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர்ப் பக்கத்திலும், பொள்ளாச்சியை அடுத்த கெடிமேட்டிலும் தரையில் கல் பதித்த ‘ஏழு சுற்றுக் கோட்டை’கள் இருக்கின்றன. கிரீட் தீவின் பழங்கால நாணயங்களில் உள்ள ஏழு சுற்று வடிவமும் இதுவும் ஒரே அமைப்பு. வரைவதும் ஏறக்குறைய கோலம் போடுவது மாதிரிதான்: நடுவில் ஒரு கூட்டல் குறி, அதன் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு ‘ட’, ஒவ்வொரு புள்ளி. கூட்டல் குறியின் உச்சியிலிருந்து தொடங்கி, முனைகளை இருபக்கமும் ஒன்றோடொன்று வளைத்துச் சேர்த்துக்கொண்டே போனால் கோட்டை தானாக எழும்பிவிடும். ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடம் ஆகாது.

அன்று நண்பர் வருவதற்குள் ஒரு சிறுவன் வந்தான். ஆறு வயது இருக்கும். தகட்டருகே நின்று, எக்ஸில் விரல் வைத்து நகர்த்த ஆரம்பித்தான். பாதி தூரம்கூடப் போகவில்லை, “தம்பி, ரயில் வந்துட்டுது, வா” என்று அம்மா கையைப் பிடித்தார். அவன் விரலை எடுக்கவில்லை. போன வழியே வேகவேகமாகத் திரும்பி, வாசலுக்கு வந்த பிறகுதான் ஓடினான்.