சொந்தப் பொருளுக்குச் சாட்சி

கைக்கடிகாரம் நின்றுபோனால் திருத்துவித்து மீண்டும் கட்டிக்கொள்கின்றோம். "என்னை விலைகொடுத்து வாங்கியவர் நீர்தாமோ?" என்று அக்கடிகாரம் எம்மைக் கேட்பதில்லை. கணினியோ கேட்கின்றது. வைரசு புகுந்தமையாலோ வன்தட்டு பழுதுற்றமையாலோ விண்டோஸ் என்னும் பணிசெயல் முறைமையை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவியவர்கள் இதனை நன்கு அறிவர். வேலை முடிந்ததென்று பெருமூச்சு விடும் வேளையில், திரையின் வலப்பக்க அடியில் மங்கிய எழுத்திலே ஓர் அறிவிப்புத் தோன்றும். பின்னணிப் படத்தையோ நிறத்தையோ மாற்ற முயன்றால் அவ்வழி அடைபட்டிருக்கும். ஆங்கிலத்தில் அக்டிவேஷன் எனப்படும் சடங்கு இன்னும் நிறைவேறவில்லை என்பதே அதன் கருத்து. இதனை 'உயிர்ப்பித்தல்' என இங்கு வழங்குவோம்.

வீட்டிற் பலர் இவ்விடத்திலேதான் கலங்கிப்போகின்றனர். முன்னர் பணங்கொடுத்து வாங்கியதையே மீண்டும் வாங்குவோரும் உளர். "பூட்டுடைத்த" களவுப் பிரதியைப் போட்டுத் தருகின்றேன் என்பவரிடம் கணினியை ஒப்படைப்போரும் உளர். முன்னையது வீண் செலவு. பின்னையது, திருடனுக்கு அஞ்சி மற்றொரு திருடனிடம் திறப்பைக் கொடுப்பது போன்றது. பெரும்பாலான வேளைகளில் இரண்டுமே வேண்டியதில்லை என்பதை அறிவதற்கு, இவ்வேற்பாடு எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சிறிது நோக்குதல் நன்று.

2001 ஆம் ஆண்டு ஒக்டோபர் 25 ஆம் திகதி மைக்ரோசொவ்ட் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பியை வெளியிட்டது. அதற்கு முன் வந்த வீட்டுப் பதிப்புகளில், உறையில் அச்சிட்ட குறியீட்டைத் தட்டினாற் போதும். ஒரு தட்டு ஊர் முழுவதும் உலாவரும். எக்ஸ்பியோ முப்பது நாள் தவணை கொடுத்தது. அதற்குள் உயிர்ப்பிக்காவிடின் உள்ளே புகவிடாது. உயிர்ப்பிக்கும்போது வன்தட்டு, நினைவகம், திரையட்டை, வலையமைப்பு அட்டை முதலிய பத்து உறுப்புகளின் அடையாளங்களைச் சுருக்கி ஒரு கைரேகை போலச் செய்து கொண்டது. பின்னர் உறுப்புகள் மாறினால் அக்கைரேகையோடு ஒப்பிட்டது. வலையமைப்பு அட்டை மாறாதிருந்தால் ஏனையவற்றுள் ஆறேனும், அது மாறியிருந்தால் அதனையும் சேர்த்து நான்கேனும் மாறினாலன்றி மறுபடி உயிர்ப்பிக்கும்படி அது கேட்கவில்லை. கண்டிப்பான ஏற்பாடெனினும் இதில் ஓரளவு நீதி இருந்ததென்றே சொல்லவேண்டும்.

ஆனால் வன்தட்டை வெறுமையாக்கி மீள நிறுவும்போது கைரேகைப் பதிவும் உடன் அழிந்தது. விவரமறிந்தோர் 'டபிள்யூபிஏ.டிபிஎல்' என்னும் சிறு கோப்பை முன்கூட்டியே வேறிடத்திற் பிரதிசெய்து வைத்து, பின்பு அதே இடத்தில் இட்டுத் தப்பினர். மற்றையோருக்கு இணையம் உதவியது, இணையமில்லாதவருக்குத் தொலைபேசி. திரையிலே தோன்றும் ஐம்பது இலக்கங்களைப் பிழையின்றிச் சொல்லி, மறுமுனையிலிருந்து வரும் நாற்பத்திரண்டு இலக்கங்களைப் பிழையின்றி எழுதிக்கொள்ளல் வேண்டும். வாய்பாடு ஒப்புவித்த பழைய மாணாக்கருக்கே அது இயலும்!

உறையிலிருந்த 25 எழுத்துக் குறியீட்டிலும் ஒரு புதுமை உண்டு. எக்ஸ்பிக் காலத்துக் குறியீடுகளில் ஆங்கில உயிரெழுத்து ஒன்றேனும் வாராது. சுழியமும் ஒன்றும் வாரா. ஒன்றையொன்று மயங்கச் செய்யும் வடிவங்களை விலக்கியிருந்தனர். மெய்கள் மட்டுமே நிற்கும் ஒன்றைக் கொண்டு உயிர்ப்பித்தல் செய்தார்கள் என்பது தமிழாசிரியர் எவருக்கும் புன்முறுவல் வரவழைக்கும்.

இன்று நிலைமை வேறு. 2012 இல் வந்த விண்டோஸ் 8 முதல், பெரிய நிறுவனங்கள் செய்து விற்கும் கணினிகளில் அக்குறியீடு தாய்ப்பலகையின் நிலைபொருளிலேயே பதிக்கப்பட்டு வருகின்றது. வன்தட்டு அழிந்தாலும் அது அழியாது. 2015 இல் வந்த விண்டோஸ் 10 இலே 'டிஜிட்டல் உரிமம்' என்னும் முறை புகுந்தது. கணினியின் அடையாளம் மைக்ரோசொவ்ட்டின் சேவையகத்திலே பதிவாகியிருக்கும். ஆதலின் விண்டோஸ் 7 இலிருந்து இலவசமாக 10 க்கு ஏறியவர்கள், தமக்கு ஒருபோதும் கொடுக்கப்படாத குறியீட்டைத் தேடி அலுமாரியைக் குடைய வேண்டுவதில்லை. நிறுவும்போது குறியீடு கேட்கப்பட்டால், 'என்னிடம் குறியீடு இல்லை' என்பதைத் தெரிந்து மேலே செல்லலாம். இணையத்தோடு இணைந்ததும் அது தானே உயிர்பெறும்.

இவ்விடத்தில் ஒரு பொறி உண்டு. முன்னிருந்தது 'ஹோம்' பதிப்பாயின் 'ஹோம்' தான் நிறுவவேண்டும். 'புரோ' பதிப்பை நிறுவினால் உரிமம் பொருந்தாது. சரியான உரிமம் கையிலிருந்தும் உயிர்ப்பித்தல் தவறுமாயின், முதலிற் பார்க்கவேண்டியது இதனையே. மேலும் இலவச ஏற்றத்துக்கான வழி 2023 செப்டெம்பரில் அடைக்கப்பட்டது. பழைய விண்டோஸ் 7, 8 குறியீடுகளைப் புதிய நிறுவலிற் பயன்படுத்தலாமென்று கூறும் பழைய அறிவுரைகள் இப்போது பயன்படா. முன்னரே பதிவான உரிமங்களுக்கு அதனாற் கேடில்லை. விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தமை வேறு விடயம். அதனால் உரிமம் செல்லாததாகிவிடவில்லை.

தாய்ப்பலகையையே மாற்றினால் மட்டும் சிக்கல் பெரிது. சேவையகத்தின் கண்ணுக்கு அது வேறொரு கணினி. ஆகவே கணினி நலமாயிருக்கும்போதே உங்கள் மைக்ரோசொவ்ட் கணக்கால் அதில் உட்புகுந்து, அமைப்புகளில் உள்ள உயிர்ப்பித்தற் பக்கத்திலே உரிமம் அக்கணக்கோடு இணைக்கப்பட்டுள்ளதெனக் காட்டுகின்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காட்டினால், பலகை மாறிய பின்னர் அதே பக்கத்திலுள்ள பழுதறியும் கருவியைத் திறந்து, 'அண்மையில் வன்பொருளை மாற்றினேன்' என்பதைத் தெரிந்து, பட்டியலிலிருந்து உங்கள் கணினியைச் சுட்டலாம். கடையிலே தனியாக வாங்கிய உரிமமாயின் இவ்வழியிற் பெரும்பாலும் மீளும். கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் அக்கணினிக்கே உரியது. வேறொன்றுக்குக் கொண்டு செல்ல அதன் ஒப்பந்தம் இடங்கொடுப்பதில்லை. பழைய கணினியை விற்பவரிடம் அது எவ்வகை உரிமமென்று காசு கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.