தொட்டியில் நெளிவது என்ன புழு?



எங்கள் தெருவில் தண்ணீர்த் தொட்டியில் ஏதாவது நெளிந்தால் போதும், "ஐயையோ, புழு!" என்று அத்தனை தண்ணியையும் சாக்கடையில் ஊற்றிவிடுவார்கள். குழாயில் தண்ணி வர இன்னும் நாலு நாள் ஆகும். மீன் தொட்டி என்றால் பிளீச்சிங் பவுடர்தான். புழுவோடு மீனும் செத்து மிதக்கும்.

நெளிவதெல்லாம் ஒரே புழு இல்லை. கண்டுபிடிக்க மைக்ராஸ்கோப் வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு, பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, அசையாமல் ஐந்து நிமிடம் பாருங்கள். எங்கே நிற்கிறது, எப்படி நகர்கிறது என்பதுதான் முக்கியம்.

தண்ணீர் மட்டத்தில் தலைகீழாகத் தொங்குகிறதா? கை நிழல் பட்டதும் துள்ளி நெளிந்து கீழே ஓடுகிறதா? சந்தேகமே வேண்டாம், கொசுப்புழு. வால் பக்கக் குழாயை மேலே நீட்டித்தான் அது மூச்சு விடும். மலேரியா பரப்பும் அனாபிலஸ் புழுவுக்கு அந்தக் குழாய் கிடையாது. அதனால் படுத்த மாதிரி மிதக்கும். வீட்டு நல்ல தண்ணியில் தொங்குவது பெரும்பாலும் ஏடிஸ். டெங்கும் சிக்குன்குனியாவும் பரப்புகிற கொசு இதுதான். 2006-ல் சிக்குன்குனியா வந்து, சுவரைப் பிடித்து நடந்த கதையை எங்கள் அப்பத்தா இன்னமும் சொல்லும்.

இதை விட்டு வைக்கக் கூடாது. ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். ஆனால் தண்ணியைக் கொட்டினால் மட்டும் தீராது. ஏடிஸ் முட்டை தொட்டிச் சுவரில், தண்ணிக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணியை வேட்டித் துணியில் வடிகட்டித் துவைக்க வைத்துக்கொள்ளலாம். தொட்டிச் சுவரைத் தேங்காய் நார் போட்டு நல்லாத் தேய்க்க வேண்டும். கொசுவையும் அது பரப்பும் நோய்களையும் ஆராயவே மதுரை சின்னச்சொக்கிகுளத்தில் 1985-ல் மத்திய அரசு ஓர் ஆய்வு மையம் தொடங்கியது. அந்தளவு பெரிய விஷயம் இந்தச் சின்னப் புழு.

அடிச் சேற்றில் ரத்தச் சிவப்பாக நெளிவதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் அலறுகிறார்கள். பாவம், அது ஒன்றும் செய்யாது. நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் அதற்கும் உண்டு. அதனால்தான் காற்று குறைந்த சேற்றிலும் பிழைக்கிறது. வளர்ந்தால் கொசு மாதிரியே இருக்கும், ஆனால் கடிக்காது. மீன் கடையில் இதை மீனுக்குத் தீனியாக விற்கிறார்கள்!

மீன் தொட்டிக் கண்ணாடியில் வெள்ளை நூல் மாதிரி நெளிந்தால், அது மண்புழுவுக்குச் சொந்தம். தீனி அதிகம் போட்டு மிச்சம் அழுகினால் பெருகும். தீனியைக் குறைத்து, அடிக் கசடை எடுத்தால் குறைந்துவிடும். நெளியாமல் வழுக்கிப் போகிறது, தலை முக்கோணமாக இருக்கிறது என்றால் பிளனேரியா. அதை நசுக்காதீர்கள். துண்டானால் ஒவ்வொரு துண்டும் முழுப் புழுவாக வளர்ந்துவிடும்.

கடல் தண்ணீர்த் தொட்டி வைப்பவர்கள் பாடு இன்னும் மோசம். கடல் பாறையோடு புழுவும் வந்துவிடும். சிலவற்றின் மயிர், சப்பாத்திக் கள்ளி முள் மாதிரி கையில் ஏறும். இங்கிலாந்தில் நியூகீ என்ற ஊரின் மீன் காட்சியகத்தில் பவளங்கள் அறுபட்டுக்கொண்டே இருந்தன. 2009-ல் பாறைகளைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே சுமார் 4 அடி நீளப் புழு! பேரி என்று பெயர் வைத்தார்கள்.

உங்கள் வீட்டுப் புழுவை பாட்டிலில் கொண்டு வந்தால், லென்ஸ் வைத்துச் சேர்ந்து பார்ப்போம். மூடியை மட்டும் இறுக்கி மூடுங்கள். வகுப்பில் கொசு பறந்தால் டீச்சர் என்னைத்தான் திட்டுவார்கள்.