சர்வர் படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

ஹைதராபாதின் அமீர்பேட். மைத்ரிவனத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் சுவரைவிட விளம்பரப் பலகைகளே அதிகம். லினக்ஸ், கிளவுட், டெவ்ஆப்ஸ் என்று எதைக் கேட்டாலும் வகுப்பு உண்டு. வெளியூர்ப் பட்டதாரிகள் பக்கத்து ஹாஸ்டல்களில் தங்கி, ஜெராக்ஸ் எடுத்த கேள்வி-பதில்களை உருப்போடுகிறார்கள். வீட்டு நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டியவர்களும் இவர்களில் உண்டு.

சிக்கல் இன்டர்வியூ அறையில் தொடங்குகிறது. சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் வேலைக்கு ஆள் எடுப்பவர் கமாண்டுகளை ஒப்பிக்கச் சொல்வதில்லை. "டிஸ்க் நிரம்பிவிட்டது என்கிறது மெஷின். ஃபைல்களைக் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. மீதி எங்கே?" என்பார்.

இந்தத் துறையின் பழம்பெரும் கேள்வி இது. யாரோ ஒரு பெரிய லாக் ஃபைலை அழித்திருப்பார்கள். அதில் எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் அதை இன்னும் திறந்தே வைத்திருக்கும். அது மூடும்வரை லினக்ஸ் அந்த இடத்தை விடுவிக்காது. புரோகிராமை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும். உருப்போட்டவர் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அடுத்த கேள்வியில்தான் கவிழ்வார்: "அந்தப் புரோகிராம்தான் பாங்கின் பணப் பரிமாற்றத்தை நடத்துகிறது. மணி பகல் 12. ரீஸ்டார்ட் செய்வீர்களா?"

மாற்று சர்வர் இருக்கிறதா, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், புரோகிராமை நிறுத்தாமலே அந்த ஃபைலைக் காலி செய்ய முடியுமா (முடியும்) என்று யோசிப்பவரைத்தான் தேடுகிறார்கள். "தெரியாது, ஆனால் இப்படித் தேடுவேன்" என்ற பதிலுக்குக்கூட மதிப்பு உண்டு. அளப்பதற்கு இல்லை.

வேண்டுமென்றே மடக்குகிறார்கள் என்று சலித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில், இரவு நெடுநேரம் வேலை பார்த்த எஞ்சினியர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப் ஏற்பாடுகள் பல இருந்தும், கைகொடுத்தது தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல்தான். நிறுவனம் எதையும் மறைக்காமல் நடந்ததைப் பகிரங்கமாக எழுதியது. கேள்வி-பதில் கட்டைத் தள்ளி வைத்துவிட்டு இப்படிப்பட்ட அறிக்கைகள் நான்கைப் படிப்பது புத்திசாலித்தனம். "நீங்கள் செய்த பெரிய தவறு என்ன?" என்ற கேள்வி அடிக்கடி வருவது. தவறே செய்ததில்லை என்பவர் சர்வரைத் தொட்டிருக்க மாட்டார்.

அனுபவம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பழைய லேப்டாப் ஒன்று போதும். லினக்ஸ் இலவசம். ஒரு கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸும் இலவசம். சின்ன வெப்சைட் ஒன்றை அதில் நிறுவி, வேண்டுமென்றே கெடுத்து, பிறகு சரிசெய்ய வேண்டும். எங்கே தடம் மாறினோம் என்பதை நோட்டில் குறிக்க வேண்டும். ரெட் ஹாட் சான்றிதழ்த் தேர்வும் இந்த ரகம்தான். சரியான விடைக்கு டிக் போடும் வேலை கிடையாது. ஓடும் மெஷினில் செய்து காட்ட வேண்டும், ரீபூட் செய்த பிறகும் அது நிலைக்க வேண்டும். கூகுள் எஞ்சினியர்கள் எழுதி 2016இல் வெளியான 'சைட் ரிலயபிலிடி எஞ்சினியரிங்' நூலை இன்டர்நெட்டில் காசில்லாமல் படிக்கலாம்.

கடைசியில், "நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். பெரும்பாலோர் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அமெரிக்க வாடிக்கையாளரின் பகல், பெங்களூரின் இரவு. மாதத்தில் எத்தனை ராத்திரி போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்க வேண்டும்? 2 மணிக்கு எழுப்பினால் மறுநாள் காலை 9 மணிக்கும் ஆபீசில் இருக்க வேண்டுமா? அதற்குத் தனிப் படி உண்டா? பதில் மழுப்பலாக வந்தால், இதற்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் எத்தனை மாதம் தாக்குப்பிடித்தார் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடலாம்.